டாங்கிளும் இரண்டு லட்ச ரூபாய் பிளேயரும்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கேள்வி (தாம்பரம் வாசகர்), 1 டிசம்பர் 2024

ஹெட்போனை மாட்ட போனில் செருகுகிற ஆயிரம் ரூபாய் டாங்கிளில்தான் பாட்டு கேட்கிறேன். ஹெட்போன் சென்ஹைசர் எச்டி 600. நாற்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல டேக் (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின் சிக்னலாக மாற்றும் கருவி) அல்லது கையடக்க பிளேயர் வாங்கினால் திரை விலகின மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், எல்லாம் ஒன்றுதான் என்று சிலர். இரண்டையும் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், பழைய சினிமாப் பாட்டு.

பதில், 1 டிசம்பர், இரவு 9.40

இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. டாங்கிள் ஆப்பிள் விற்பது, மனைவியின் போனுக்காக வாங்கியது. பிளேயர் இரண்டு லட்சத்துக்கு மேல். 2022ல் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து வாங்கினேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாக மாறிவிடும். என் ஹெட்போனும் எச்டி 600தான்.

வித்தியாசம் உண்டு, சந்தேகமே வேண்டாம். நேற்று ஃபெஞ்சல் புயலில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலமே கரன்ட் போய்விட்டது. இன்வர்ட்டரையும் அணைத்துவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் மழை ஓய்ந்தது. ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, பக்கத்துக் கட்டடத்து மோட்டார் இல்லை. அப்படி ஒரு நிசப்தம் சென்னையில் வருஷத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அதிகம். பிளேயரில் ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் கடக்காரர் அடித்துக் கையை எடுத்த பிறகு, பானைக்குள் காற்று ஒரு கணம் நின்றது கேட்டது. அதே இடத்தை டாங்கிளில் கேட்டேன். அந்தக் காற்று இல்லை.

நீங்கள் கேட்ட திரை இதுதான்.

3 டிசம்பர்

பெங்களூரு நண்பர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "ஒலி அளவைச் சமப்படுத்தினீர்களா?"

காதால் சமப்படுத்தினேன். அது போதாது என்று எனக்கே தெரியும். ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் நமக்கு அது "சத்தம் அதிகம்" என்று படாது. "தெளிவு அதிகம்", "ஆழம் அதிகம்", "குரலில் உயிர் இருக்கிறது" என்றுதான் படும். அதனால்தான் இந்த மாதிரி ஒப்பீட்டில் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தச் சொல்கிறார்கள். வோல்டேஜ் கணக்கில் அது ஒரு சதவீதத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காதால் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் இந்தப் பிளேயரை முதலில் கேட்டபோது 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கில் (ஒவ்வொரு காதுக்கும் எதிரெதிரான இரண்டு சிக்னல் அனுப்பும் வகை) கேட்டேன். ஒப்பிட்டுக் கேட்ட சின்ன பிளேயரில் சாதாரண 3.5 ஜாக். பேலன்ஸ்டில் வோல்டேஜ் இரட்டிப்பு வரை போகும், அதாவது 6 டெசிபல். வால்யூம் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிக் கேட்டேன். அன்று இது எனக்கு உறைக்கவில்லை.

அதனால் முதல் தேதி நான் எழுதியதை இப்போதைக்கு அப்படியே நம்ப வேண்டாம். சனிக்கிழமை மீட்டர் வாங்க, எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெரு போகிறேன்.

7 டிசம்பர், சனி

ரிச்சி தெருவில் இன்னும் புயல் தண்ணீர் முழுசாக வடியவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. மல்டிமீட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர் இதற்கு ஆகாது. அதில் ஏசி வோல்டேஜின் ஆகக் குறைந்த அளவே 200 வோல்ட். வீட்டு பிளக் பாயின்ட்டை அளக்கலாம், ஹெட்போனை அளக்க முடியாது. ஏசி மில்லிவோல்ட் காட்டுகிற மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். எனக்கு 1,150 ரூபாய் ஆனது. கூடவே 3.5 சாக்கெட் மூன்று, இரண்டு பக்கமும் தட்டுகிற டாகிள் சுவிட்ச் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் டப்பா.

மாடியில் அக்கா வீடு. அவள் மகன் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறான். சாயங்காலமே உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்துவிட்டான். சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினால் பிளேயர், அந்தப் பக்கம் தட்டினால் டாங்கிள், ஹெட்போன் ஒரே இடத்தில்.

8 டிசம்பர்

முதல் வேலையாக, புயலன்று வைத்திருந்த அதே வால்யூம் எண்களுக்கு இரண்டையும் கொண்டுவந்தேன். 400 ஹெர்ட்ஸ் சுருதியைப் போட்டு, ஹெட்போனை மாட்டிய நிலையிலேயே அளந்தேன்.

பிளேயர் 246 மில்லிவோல்ட். டாங்கிள் 214.

1.2 டெசிபல் வித்தியாசம், பிளேயர் பக்கம் அதிகம். கடத்துக்குள் நான் கேட்ட காற்று இந்த 1.2 டெசிபலில் இருந்ததா என்பதுதான் இப்போது கேள்வி.

மலிவு மீட்டரின் ஏசி அளவை நம்பலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு இங்கே சரியான எண் தேவையில்லை, இரண்டும் ஒன்றா என்பதுதான் தேவை. ஒரே மீட்டர், ஒரே அலைவரிசை. பிழை இருந்தால் இரண்டுக்கும் சமமாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பில் ஃபூபார் என்ற பாட்டு மென்பொருளின் வால்யூமை டெசிபல் கணக்கில் நகர்த்தி டாங்கிளைச் சரிசெய்தேன். இப்போது 246க்கு 245.

15 டிசம்பர், ஞாயிறு, பகல் 1 மணி

பதினாறுக்குப் பதினைந்து!

அக்கா மகன் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டி சுவிட்சைத் தட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொன்னேன். பதினாறு முறையில் பதினைந்து சரி. குத்துமதிப்பாகச் சொல்லி இந்த எண் வர வாய்ப்பு சுமார் நாலாயிரத்தில் ஒன்று. பிளேயருக்கு வரும்போதெல்லாம் மிருதங்கத்தின் அடி ஒரு நூல் நிதானமாக விழுந்தது. டாங்கிளில் கொஞ்சம் அவசரம்.

சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

15 டிசம்பர், இரவு 11 மணி

மத்தியானம் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, எப்படி ஏமாந்தேன் என்பது இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பையன் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சை வேகமாக முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க சவுண்டைக் கேட்கல, தாளத்தைக் கேட்டீங்க."

பிளேயர் தன் மெமரி கார்டிலிருந்து பாடுகிறது, டாங்கிள் லேப்டாப்பிலிருந்து. இரண்டையும் கையால்தான் ஒரே நேரத்தில் தட்டி ஓடவிட்டோம். பிளேயர் அரைக்கால் நொடி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. டாங்கிளிலிருந்து பிளேயருக்குத் தட்டினால் அடி கொஞ்சம் தாமதமாக விழும், எதிர்ப்பக்கம் தட்டினால் முந்தி விழும். "நிதானம்", "அவசரம்" என்று நான் எழுதியது அதைத்தான். நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டேன். ஆனால் கேட்டது டேக்கின் குணம் இல்லை.

இதைப் பார்த்த பிறகு எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக "வேகம்", "லயம்" என்று கருவிகளைப் பற்றி நான் எழுதியதில் எத்தனை இப்படி?

22 டிசம்பர்

முறையை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்தி, சுவிட்சைத் தட்டி, அதே இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டோம். நடுவில் மாற்றுவதே இல்லை. பையன் முகத்தை நான் பார்க்காதபடி நடுவில் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம்.

16க்கு 9.

கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் நூற்றுக்கு நாற்பது பேருக்கு 9 அல்லது அதற்கு மேல் வரும். என் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். கடம் இருந்த பதிவையும் இரண்டு முறை போட்டோம். ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

23 டிசம்பர், அதிகாலை

தூக்கம் வரவில்லை.

"பரீட்சை மாதிரி உட்கார்ந்தால் காது இறுகிவிடும், நாள் கணக்கில் சாவகாசமாகக் கேட்டால்தான் தெரியும்" என்று கோவை அன்பர் சொல்கிறார். இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நானும் அப்படித்தானே பிளேயரை விரும்ப ஆரம்பித்தேன். அதனால் இப்படி ஏற்பாடு: பிளேயரை யுஎஸ்பி டேக்காகவும் வைக்கலாம். பையன் தினமும் சாயங்காலம் வந்து பிளேயரையோ டாங்கிளையோ லேப்டாப்பில் மாட்டி, அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி, அளவைச் சரிசெய்துவிட்டுப் போவான். பாட்டு மாற்றுவதை நான் போனிலிருந்து செய்துகொள்வேன். இரவு முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். படுக்கும் முன் எது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பத்து இரவு.

26 டிசம்பர்

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் கச்சேரி. மைக் இல்லை. முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். பெரிய சபாக்களில் நமக்குக் கிடைப்பது ஸ்பீக்கர் வழியாக வருகிற மிருதங்கம். அதை வைத்துக்கொண்டு "நேரில் கேட்டது போல இருக்கிறது" என்று ஒரு டேக்கைப் பாராட்டினால், எந்த நேரில் என்று கேட்க வேண்டும். அன்று கூடத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் தரை வழியாக முட்டிக்கு வந்தது. எந்த ஹெட்போனும் அதைத் தராது, எந்த டேக்கும் தராது.

இதற்கும் தலைப்புக்கும் சம்பந்தம் குறைவு, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

29 டிசம்பர்

இது வேறு கதை, முக்கியமான கதை.

அண்ணா நகர் நண்பர் தன் ஆர்டூஆர் டேக்கைப் பத்து நாளைக்குக் கொடுத்திருக்கிறார். தெரியாதவர்களுக்காக: இப்போது வரும் டேக்குகளில் பெரும்பாலானவை டெல்டா சிக்மா வகை. ஆர்டூஆர் வகையில் மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் அதன் எடைக்கேற்ற மின்னழுத்தத்தை நேரடியாகக் கூட்டுகிறார்கள். நண்பர் அதை ஓவர்சாம்பிளிங் (சாம்பிள்களுக்கு நடுவே கணக்கிட்டு நிரப்புவது) இல்லாமல் வைத்துத்தான் கேட்பார். "மெத்தென்று இருக்கும், டிஜிட்டல் வாசனையே இருக்காது" என்பார்.

சோதனைப் பதிவு எங்கள் வீட்டுத் தம்புரா. மனைவி பாடுவாள், இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். சின்ன ரெக்கார்டரை இரண்டடி தள்ளி வைத்துப் பதிவு செய்தேன். பதிவுக்கு முன் அவள் சுருதி சேர்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சமத் தந்தியில் ஜீவாளி நூலைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, மயிரிழை அளவு முன்னால் தள்ளினாள். மொட்டையாக இருந்த தந்தி திடீரென்று திறந்துகொண்டு ரீங்கரித்தது. இன்னும் ஒரு மயிரிழை, அது கரகரப்பாகிவிட்டது. மறுபடி பின்னால் இழுத்தாள். நூல் நகர்ந்தது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

அந்தப் பதிவைச் சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்சுக்கு (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடுகள்) மாற்றி, டாங்கிளிலும் ஆர்டூஆரிலும் அளவு சமப்படுத்திப் போட்டோம். முதலில் நான்: 16க்கு 11. நிச்சயமாகச் சொல்ல முடியாத எண். பிறகு அவள் உட்கார்ந்தாள். இந்தக் கருவிகள் எதிலும் அவளுக்கு ஆர்வம் கிடையாது, எது என்ன விலை என்றும் தெரியாது. மூன்றாவது தடவையிலேயே சொன்னாள்: "இதுல ஜீவாளி கொஞ்சம் பின்னால போயிருக்கு."

16க்கு 14. குத்துமதிப்பாக இப்படி வர ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புதான். நடுவில் மாற்றவில்லை, நேர இடைவெளித் தவறும் இல்லை. பையன் இரண்டு முறை சரிபார்த்தான்.

ஆக, டேக்குகளுக்குள் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறது. "எல்லாம் ஒன்றுதான்" என்று போன வாரம் எனக்கு வாழ்த்து எழுதியவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

1 ஜனவரி 2025

புத்தாண்டு விடுமுறையில் கணக்குப் போட்டேன். அவள் சொன்னதற்கு விடை நேரடியாகவே இருக்கிறது.

ஓவர்சாம்பிளிங் இல்லாத டேக் ஒவ்வொரு சாம்பிளையும் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும், படிக்கட்டு மாதிரி. அப்படிப் பிடித்து வைப்பதாலேயே உயர் அலைவரிசைகள் தேயும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 10 கிலோஹெர்ட்சில் 0.75 டெசிபல் குறையும், 14ல் 1.5, 20ல் 3.2. இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை, அந்த முறையின் கணக்கே அப்படி. தம்புராவின் ரீங்காரம் மேல் சுரங்களில்தான் வாழ்கிறது. அங்கே ஒரு டெசிபல் போனால் நூல் பின்னால் நகர்ந்தது போலத்தான் கேட்கும். அவள் கருவியைப் பார்க்காமலே இடத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு இந்தத் தேய்வை அப்படியே ஈக்வலைசரில் வரைந்து டாங்கிளுக்குக் கொடுத்தேன். ஆர்டூஆர் எதிர், ஈக்வலைசர் போட்ட டாங்கிள். அவளுக்கு 16க்கு 7. "ரெண்டுமே பின்னால போயிருக்கு, ஏன் இப்படிப் பண்றீங்க" என்றாள்.

நண்பர் கேட்ட "மெத்து" உண்மை. டிஜிட்டல் வாசனை போனதால் வந்தது அல்ல, மேல் பகுதி குறைந்ததால் வந்தது. அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. நான் போனில் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை, ஈக்வலைசர் எண்களை அனுப்பச் சொன்னார்.

இதிலேயே இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. "ஆர்டூஆரில் ஹைரெஸ் ஃபைல் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்" என்று பலர் எழுதுகிறார்கள் (ஹைரெஸ் என்றால் சிடியைவிட நொடிக்கு அதிக சாம்பிள் எடுத்த பதிவு). தெரியத்தான் செய்யும்! 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் அதே தேய்வு 20 கிலோஹெர்ட்சில் 0.6 டெசிபல்தான். அங்கே கேட்பது ஹைரெஸின் மகிமை அல்ல, படிக்கட்டு சின்னதானதால் மேல் பகுதி திரும்பி வருவது.

2 ஜனவரி

ஹைரெஸ் பற்றி மேலே எழுதியது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. 2007ல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் எழுதிய ஆய்வில், ஹைரெஸ் ஒலியின் நடுவே சிடி தரத்துக்கு இறக்குகிற ஒரு கண்ணியைச் செருகிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். ஆனால் 2016ல் அதே இதழில் ரைஸ் 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் "ஒன்றுமே இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தால் மிக மிகச் சின்னது. 1982ல் வந்த சிடியின் 16 பிட்டே மிக உரத்த ஒலிக்கும் அடி இரைச்சலுக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. என் அறையில் ஃபேன் போட்டால் போன் ஆப் 46 டெசிபல் காட்டுகிறது, நிறுத்தினால் 31. இந்த 15 டெசிபலைத் தரும் டேக்கை யாரும் விற்கவில்லை.

4 ஜனவரி

பத்து இரவு முடிந்தது. நோட்டையும் பையனின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 10க்கு 5.

நாலாவது இரவு "இன்று நிச்சயம் பிளேயர், குரல் முன்னால் வந்து நிற்கிறது, பத்து வருஷம் கேட்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். அன்று பெட்டிக்குள் இருந்தது டாங்கிள்.

அதைப் படித்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. அந்த இரவு நான் அனுபவித்த சந்தோஷம் உண்மையானது. பாட்டு நன்றாக இருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன்.

5 ஜனவரி, நீண்ட குறிப்பு

வேளச்சேரி தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, என் ஐஇஎம் (காதுக்குள் செருகும் இயர்போன்) ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு மாதிரி, போனில் ஒரு மாதிரி, பழைய ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) முற்றிலும் வேறு மாதிரி. இதுவும் பிரமையா?"

இல்லை தம்பி, இது பிரமை இல்லை. எச்டி 600 மட்டும் வைத்துச் சோதித்த என் முடிவை உங்கள் இயர்போனுக்கு யாரும் பொருத்திவிடக் கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு வெளியீட்டுத் தடை இருக்கும், ஓமில் சொல்வார்கள். உங்கள் ஐஇஎம்மில் மூன்று, நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் குட்டிப் பாகங்கள்) இருப்பதால் அதன் தடை எல்லா அலைவரிசையிலும் ஒன்றாக இருக்காது. ஓர் இடத்தில் 10 ஓம், இன்னோர் இடத்தில் 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கின் தடை 10 ஓம் என்றால், முதல் இடத்தில் பாதி வோல்டேஜ் ஜாக்கிலேயே தங்கிவிடும், 6 டெசிபல் போச்சு. இரண்டாவது இடத்தில் 0.8தான் போகும். அதாவது இயர்போனின் குணமே 5 டெசிபல் அளவுக்கு வளைந்துவிடுகிறது. இது யாருக்கும் கேட்கும், என் அம்மாவுக்கும் கேட்கும். அதே இயர்போனை அரை ஓம் ஜாக்கில் போட்டால் வளைவு 0.4 டெசிபலுக்குள் அடங்கிவிடும். எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது.

இந்த மாதிரி இயர்போனில் ஒரே ஓர் அலைவரிசையில் மீட்டர் வைத்துச் சமப்படுத்தினாலும் பயனில்லை, அங்கே மட்டும்தான் சமமாக இருக்கும். அடுத்தது இரைச்சல். எச்டி 600ல் கேட்காத "உஸ்ஸ்" உணர்திறன் அதிகமான ஐஇஎம்மில் கேட்கும். பாட்டு போடாமல் காதில் மாட்டி ஒரு நிமிஷம் உட்கார்ந்தாலே எந்தக் கருவி சுத்தம் என்று தெரிந்துவிடும். சோதனைப் பதிவே வேண்டாம்.

லேப்டாப்பில் "கொர்ர்" என்று வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை டேக்கில் இல்லை, எர்த் வழியில் இருக்கிறது. எங்கள் கட்டடம் 1980களில் கட்டியது, எர்த் பெயருக்குத்தான். இரண்டு வருஷம் நான் டேக் மேல் பழி போட்டேன், எலக்ட்ரீஷியன் வந்து அரை மணியில் தீர்த்தார்.

6 ஜனவரி

டேக்குக்குள் இருக்கும் எந்தச் சில்லு நல்லது, ஏகேஎம் கம்பெனியுடையதா ஈஎஸ்எஸ் கம்பெனியுடையதா என்ற கேள்விக்கு நான் இறங்கவில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோகா ஊரில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை எரிந்தது. சில்லு கிடைக்காமல் பல கம்பெனிகள் கருவியின் பெயரை வைத்துக்கொண்டே உள்ளே வேறு சில்லுக்கு மாறின. சில்லைச் சுற்றி இருக்கும் மின்சுற்றும் ஆம்ப்பும் ஒழுங்காக இருந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு எது எந்தச் சில்லு என்று சொல்ல என்னால் ஆகாது.

9 ஜனவரி

பழைய சினிமாப் பாட்டு பற்றி யாருமே பேசவில்லையே என்று தாம்பரம் நண்பர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். மன்னிக்கவும், நீங்கள் முதலிலேயே கேட்டது.

என்னிடம் ஒரு எண்பதுகளின் பாட்டு 1990களில் பர்மா பஜார் பக்கம் வாங்கிய சிடியிலும் இருக்கிறது, ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது. சராசரி அளவைப் பார்த்தேன். ஸ்ட்ரீமிங் பிரதி 5 டெசிபலுக்கு மேல் உரக்க இருக்கிறது. அலை வரைபடத்தைத் திறந்தால் சிடியில் தபேலா அடி ஒவ்வொன்றும் ஊசிபோல் நிற்கிறது, புதியதில் எல்லாத் தலையையும் கத்தரியால் நறுக்கியது போல் இருக்கிறது. அளவைச் சமப்படுத்திக் கேட்டால் அக்காவுக்கும் தெரிந்தது, அவள் பையனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. சோதனையே தேவைப்படவில்லை. இந்த வித்தியாசத்துக்கு முன்னால் மேலே நான் பிரித்துப் பிரித்து எழுதிய எல்லாமே தூசி. உங்கள் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு நல்ல பிரதிகளைத் தேடப் போகட்டும்.

12 ஜனவரி

தாம்பரம் நண்பருக்கு நேரடிப் பதில்.

எச்டி 600க்கு டாங்கிளில் உங்களுக்குச் சத்தம் போதுமானதாக இருந்தால் டேக் வாங்க வேண்டாம். ஆப்பிள் டாங்கிளில் இரண்டு வகை உண்டு: அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட் வரை தரும், ஐரோப்பாவுக்கானது அதில் பாதி. ஆண்ட்ராய்டு போனில் அது சத்தம் குறைவாகவே வேலை செய்யும். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ மாதிரி நேராக டாங்கிளோடு பேசும் ஆப் வைத்தால் சரியாகும். அதற்கும் மேல் சத்தம் வேண்டும் என்றால் பத்தாயிரத்துக்குள் ஒரு நல்ல டேக்கும் ஆம்ப்பும் சேர்ந்த பெட்டி கிடைக்கும்.

உங்கள் ஹெட்போன் பஞ்சு எத்தனை வருஷம் ஆனது? சென்னை வியர்வையில் சீக்கிரம் தட்டையாகிவிடும். பஞ்சு தட்டையானால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியே மாறும். போன வருஷம் நான் மாற்றினேன். மாற்றிய அன்று கேட்ட வித்தியாசம் இந்த ஒன்றரை மாதத்தில் எந்த டேக்கிலும் கேட்கவில்லை.

பிளேயரை விற்றுவிடுவீர்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன். அதைக் கையில் எடுத்தால் போன் அழைப்பு வராது, ஆபீஸ் மெசேஜ் வராது. ஆயிரத்துக்கும் மேல் கச்சேரிகள் ஒரே கார்டில். எனக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் ஒலிக்காக இரண்டு லட்சம் கொடுங்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். பேட்டரி விஷயமும் இருக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த விலை உயர்ந்த பிளேயரின் பேட்டரி ஒரு மே மாதம் உப்பிப்போய்ப் பின்மூடியையே தள்ளிவிட்டது. சர்வீசில் உதிரிபாகம் இல்லை என்று நாலு மாதம் இழுத்தார்கள். டேக்கும் போனும் தனித்தனியாக இருந்தால் அந்தத் தலைவலி குறைவு.

19 ஜனவரி, அதிகாலை 3.20

ஒன்று பாக்கி இருந்தது. கடம்.

மணி இரண்டரைக்கு எழுந்தேன். ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களைச் சாத்தினேன். தை மாதக் குளிரில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிந்தது. போன் ஆப் 28 காட்டியது. புயலன்று கேட்ட அதே பதிவு, அதே தனி ஆவர்த்தனம். மீட்டரில் அளவைச் சமமாக வைத்து, புயலன்று பிளேயரில் வைத்திருந்த 246க்கே இரண்டையும் கொண்டுவந்தேன்.

முதலில் டாங்கிள். கடக்காரர் அடித்துக் கையை எடுத்தார். பானைக்குள் காற்று நின்றது. நாலு தடவை திரும்பத் திரும்பப் போட்டேன், நாலு தடவையும் நின்றது. பிளேயருக்கு மாற்றினேன். அங்கேயும் அதே காற்று, அதே இடத்தில்.

1 டிசம்பர் அன்று "அந்தக் காற்று இல்லை" என்று எழுதினேன். இருந்திருக்கிறது, 1.2 டெசிபல் கீழே. தாம்பரம் தம்பி, மீட்டரும் சுவிட்ச் டப்பாவும் எனக்கு இனி தினம் தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாம்பலம் பக்கம் வந்தால் எடுத்துப் போங்கள். ஈக்வலைசர் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.